உர மூட்டையில இருக்கற கே கால்சியம் இல்லீங்க

ஏனுங்க, பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்காரங்க வாட்ஸப்புல ஒன்னு சுத்திட்டே இருக்குது, என்.பி.கே.ன்னு போட்ட கலப்பு உர மூட்டையில கே-ன்னா கால்சியமாம், அதனால தென்னைக்குத் தனியா சுண்ணாம்பே வேண்டாமாம். தப்புங்க. கால்சியத்துக்கு சி.ஏ., கே-ன்னா பொட்டாசியம், மூட்டை மேல 17:17:17ன்னு போட்டிருக்கறதுல தழைச்சத்து, மணிச்சத்துக்கு அடுத்த மூணாவது நம்பர் அந்தச் சாம்பல் சத்து. சுண்ணாம்பு வேணுமான்னு மண்ணு டெஸ்ட் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பொட்டாசியம்ங்கற பேரு பி-ல தான ஆரம்பிக்குதுன்னு கேப்பீங்க. 1807ல இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, உருக்குன காஸ்டிக் பொட்டாஷ்ங்கற காரப்பொருளுல கரண்ட் பாய்ச்சி இதைப் பிரிச்சு பொட்டாசியம்னு பேரு வெச்சாரு, ஜெர்மன்காரங்க காலியம்னாங்க, அது செடிச்சாம்பலுக்கான அரபிச் சொல்லுல இருந்து வந்தது, சுவீடன் விஞ்ஞானி பெர்சீலியஸ் தனிமங்களுக்குக் குறியீடு போடறப்ப அந்த கே-வையே எடுத்துக்கிட்டாரு. பொட்டாஷ்ங்கறதே பானைச்சாம்பல்தானுங்க, எங்க அம்மாயி அடுப்புச்சாம்பலைத் தென்னைத்தூருல கொட்டுவாங்களே, அதே சமாச்சாரம்.