சொந்த மோடம் வாங்கினாலும் வாடகை கட்டணுமா? இல்லைங்க

ஒருத்தர் "அமெரிக்காவுல சொந்தமா இன்டர்நெட் மோடம் வாங்கினாலும் கேபிள் கம்பெனி வாடகை போட்டுக்கிட்டேதான் இருப்பான், சட்டப்படி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு எழுதியிருக்காரு, தயவுசெஞ்சு இத நம்பி யாரும் சும்மா இருந்துடாதீங்க. 2019 டிசம்பர்ல வந்த சட்டத்துலயே, அவங்க குடுக்காத மோடத்துக்கு வாடகை வாங்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு, 2020 டிசம்பர் 20ல இருந்து அது அமல்லயும் இருக்கு. எனக்கே அவங்க மோடத்த திருப்பிக் குடுத்தப்புறமும் ரெண்டு மாசம் பில்லுல வாடகை வந்துச்சு, ரிட்டர்ன் ரசீத போட்டோ எடுத்து வெச்சிருந்ததால காட்டி காச திரும்ப வாங்குனேன். அந்த ரசீத மட்டும் தொலைச்சுடாதீங்க. அப்பவும் கம்பெனி மசியலன்னா எஃப்சிசி (அமெரிக்க அரசோட தொலைத்தொடர்பு ஆணையம்) வெப்சைட்ல புகார் போடுங்க, அதுக்கு பணம் எதுவும் கெடையாது.

ஆனா அதுக்காக கடையில கண்ட மோடத்தையும் தூக்கிட்டு வந்துடாதீங்க, உங்க கம்பெனியோட அப்ரூவ்ட் லிஸ்ட்ல அந்த மாடல் நம்பர் இருக்கணும், இல்லன்னா ஆக்டிவேட் பண்ண மாட்டாங்க. கிகாபிட் பிளான்னா (நொடிக்கு 1000 மெகாபிட் வேகம்) டாக்சிஸ் 3.1 மோடம் வாங்குங்க (டாக்சிஸ்ங்கறது கேபிள் மோடத்தோட தொழில்நுட்பத் தரம்), வெல கம்மின்னு பழைய 3.0 பக்கம் போகாதீங்க. வீட்டு போனும் அதே லைன்லன்னா போன் ஜாக் இருக்குற மோடம்தான் வேணும், இத கவனிக்காம நிறைய பேர் ஏமாறுறாங்க. வெறும் மோடத்துல வைஃபை வராது, ரவுட்டர் தனியா வாங்கணும். ஃபைபர் லைன் வெச்சிருக்கவங்களுக்கு கேபிள் மோடமே தேவையில்ல. சில கம்பெனில மோடத்துக்கு வாடகையே கெடையாது, மொதல்ல பில்ல ஒரு தடவ பாத்துடுங்க.