ஆர்டர் இருக்கிறது, பணம் எப்போது வரும்?

சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "பில் போட்டால் எத்தனை நாளில் பணம் கைக்கு வரும்?" என்பது. பெரும்பாலானவர்களிடம் இதற்குப் பதில் இருக்காது. என்ன மெஷின், எங்கே ஷெட், யார் ஆர்டர் தருவார், யாரை வேலைக்கு வைப்பது எல்லாம் தயாராக இருக்கும். பணம் வரும் தேதியை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

கோவையில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் லேத் ஓடும் சத்தம் கேட்கும். பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைபவர், கிரைண்டருக்கு உதிரி பாகம் செய்பவர், மோட்டார் பாடியில் துளை போட்டுக் கொடுப்பவர் என்று ஆளுக்கு ஒரு வேலை. ஊர் இவர்கள் கையில்தான் நிற்கிறது. இத்தனை வருடத்தில் ஷட்டரை இழுத்து மூடிய பட்டறைகளின் கணக்கைப் புரட்டினால், பலவற்றில் கடைசி மாதம் வரை ஆர்டர் இருந்திருக்கிறது. வேலை இல்லாமல் மூடியவர்கள் குறைவு. வர வேண்டிய பணம் வராமல் மூடியவர்கள்தான் அதிகம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மாதம் 5 லட்சத்துக்கு வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். இரும்புக்கு 2.75 லட்சம், கூலி ஒரு லட்சம், கரண்ட், வாடகை, டூல்ஸ் எல்லாம் சேர்த்து 65 ஆயிரம். மீதம் 60 ஆயிரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்ட்டி, அதாவது நமக்கு ஆர்டர் தரும் கம்பெனிக்காரர், 90 நாள் கழித்துத்தான் பணம் தருவார். இரும்புக் கடைக்காரர் பணத்தைப் பார்த்த பிறகே லோடு ஏற்றுவார். கூலி சனிக்கிழமைதோறும் கொடுத்தாக வேண்டும். 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. அரசுக்கு நீங்கள் பில் போட்டதுதான் கணக்கு, பணம் வாங்கியது கணக்கில்லை. மாதந்தோறும் கட்டுகிறவர் என்றால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஆக, மூன்று மாதம் தாக்குப்பிடிக்க 15 லட்சத்துக்குக் குறையாமல் கையிலிருந்து போட வேண்டும். அதை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 30 ஆயிரம் வட்டிக்கே போய்விடும். லாபத்தில் சரிபாதி, பார்ட்டியின் தாமதத்துக்கு நாம் கட்டும் கூலி. அந்த 90 நாள் 120 ஆனால், அப்புறம் எதற்கு லேத் ஓட்டுவது?

வெள்ளிக்கிழமை மாலை எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலாளி போனில்தான் இருப்பார். மறுநாள் சம்பளம். "சார், நம்ம பேமெண்ட் கொஞ்சம் பாருங்க சார்" என்று இவர் கேட்க, அந்தப் பக்கம் அக்கவுண்ட்ஸில் கேளுங்கள் என்பார்கள். அக்கவுண்ட்ஸில் கேட்டால் ஸ்டோர்ஸில் சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஜிஆர்என் ரசீது இன்னும் போடவில்லை என்பார்கள். ஸ்டோர்ஸில் கேட்டால் சரக்கு கியூசியில், அதாவது தரச் சோதனையில் இருக்கிறது என்பார்கள். சரக்கு எப்போதோ பம்ப்பில் ஏறி, பம்ப் விற்பனைக்கும் போயிருக்கும். நாலு மாதம் கழித்து பேமெண்ட் வரும்போது கூடவே பணத்தில் கழித்துக்கொண்டதாக ஒரு டெபிட் நோட்டும் வரும், இத்தனை பீஸ் ரிஜெக்ட் என்று. அந்தப் பீஸைத் திருப்பிக் காட்டுங்கள் என்று கேட்கும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துச் சந்துக்குப் போய்விடும்.

சட்டம் இல்லையா என்றால், நன்றாகவே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் சொல்ல ‘வசதி மன்றம்’ (ஃபெசிலிடேஷன் கவுன்சில்) என்ற அமைப்பு இருக்கிறது, கோவையிலேயே இருக்கிறது. 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தீர்ப்பை எதிர்த்து, சரக்கு வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இவ்வளவு வலுவான சட்டம் கையில் இருந்தும், என்னிடம் கணக்கு எழுதுகிறவர்களில் புகார் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தொழிலையே விட்டுவிட்ட பிறகு கொடுத்தவர்கள்தான். தொழில் நடக்கும்போது யார் தன் பார்ட்டி மேல் புகார் கொடுப்பார்?

2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல மாற்றம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் ஜூன் மாத பில்லை மார்ச் 31க்குள் கொடுத்துவிட்டால், எவ்வளவு தாமதமானாலும் வருமான வரியில் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. அதனால் மார்ச்சில் மட்டும் வசூல் மளமளவென்று வருகிறது. மற்ற மாதங்களில் பழைய கதையே.

டிரெட்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. நம் பில்லை அந்த ஆன்லைன் தளத்தில் ஏற்றினால், பார்ட்டி ஒப்புக்கொண்டதும் வங்கிகள் போட்டி போட்டு அதை வாங்கிக்கொள்ளும். சில நாளில் பணம் வந்துவிடும், வட்டியும் பெரிய நிறுவனத்தின் நாணயத்தை வைத்து முடிவாவதால் குறைவு. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் எல்லாம் 2025 மார்ச்சுக்குள் இதில் சேர வேண்டும் என்று உத்தரவும் வந்தது. ஆனால் சேர்வது வேறு, நம் பில்லை ஒப்புக்கொள்வது வேறு. அந்த ஒரு கிளிக் பார்ட்டி கையில் இருக்கிறது.

அதனால் புதிதாக இறங்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது: மானியம் கிடைக்கிறதே என்று கைப்பணம் முழுவதையும் மெஷினில் போட்டுவிடாதீர்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீதம் மானியம், 3 சதவீத வட்டிச் சலுகை எல்லாம் உண்டு, தாராளமாக வாங்குங்கள். ஆனால் மூலதன மானியம் உங்கள் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கொடுக்காது. கம்ப்யூட்டரில் ஓடும் புது சிஎன்சி மெஷினுக்குப் பதில் நல்ல செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கினாலும் பரவாயில்லை, நாலு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்க வேண்டும். அப்பாவின் பிஎஃப் பணத்தை வைத்துத் தொடங்குகிறவர்கள் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு பார்ட்டியைப் பிடிக்கும் முன், அவருக்கு ஏற்கெனவே வேலை செய்யும் இரண்டு பேரிடம் எத்தனை நாளில் பணம் வருகிறது என்று விசாரியுங்கள். நூறு ரூபாய் வேலைக்கு 95 ரூபாய் கொடுத்தாலும் பத்து நாளில் கொடுப்பவர் நல்ல பார்ட்டி. சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்து, அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். பின்னாளில் ‘நீங்கள் சிறு நிறுவனம் என்று எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் சொல்லக் கூடாது.

ஷேரில் பணம் போடுகிற நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எஃப் அண்ட் ஓ என்ற ஊக வணிகத்தில் தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பணம் இழக்கிறார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே ஆய்வு செய்து சொல்லிவிட்டது, அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. நான் சொல்வது நிதானமாக நிறுவனங்களைப் படித்து வாங்குகிறவர்களுக்கு. ஆண்டறிக்கையில் கொடுக்க வேண்டிய பாக்கிகள் பற்றி ஓர் அட்டவணை இருக்கும். அதில் எம்எஸ்எம்இக்களுக்கான பாக்கி தனியாக, ஒரு வருடத்துக்குள், ஒன்றிலிருந்து இரண்டு வருடம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். நான் லாபத்தைப் பார்க்கும் முன் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். பட்டறைக்காரர் பணத்தை வருடக்கணக்கில் பிடித்துவைத்து ஓட்டும் நிறுவனம் என்றால், அதன் கையிருப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். அதில் தர்மமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நல்லபடியாகத் தெரியும் பணப்புழக்கம் ரொம்ப நாள் நிற்காது.

அரசிடம் என் கோரிக்கையும் இதையொட்டியதே. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்துள்ள கம்பெனிகள், எவ்வளவு பாக்கி, ஏன் பாக்கி என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்எஸ்எம்இ-1 படிவத்தில் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். அதாவது தாமதம் நடக்கிறது என்ற ஒப்புதல் வாக்குமூலம், பாக்கி வைத்தவர் கையெழுத்தோடு அரசிடமே இருக்கிறது. பட்டறைக்காரர் பயந்துகொண்டு புகார் கொடுக்கும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அந்தப் படிவத்தை வைத்தே மன்றம் தானாக நோட்டீஸ் அனுப்பட்டும். யார் புகார் கொடுத்தார் என்ற கேள்வியே எழாது. இதற்குத் தேவையான சட்டத் திருத்தத்தைச் சிறுதொழில் சங்கங்கள் அடுத்த பட்ஜெட் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சங்கப் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் பேசுங்கள், மனு எழுத நான் தயார்.