மூச்சைப் பிடித்துக்கொண்டு லாக்கருக்குள்

பத்து நாளாக ராத்திரி ஊர் அடங்கியதும் 'ஏலியன்: ஐசொலேஷன்' ஆடிக்கொண்டிருந்தேன். 2014இல் வந்த கேம், எனக்கு இப்போதுதான் தள்ளுபடியில் சிக்கியது. ஆடி முடித்ததும் தோன்றியது இதுதான்: பயமுறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு கையில் துப்பாக்கியைக் கொடுக்கிற கேம் எல்லாம் சும்மா.

கதை சின்னது. 2137ஆம் வருஷம், அமாண்டா ரிப்ளி காணாமல் போன அம்மாவைப் பற்றித் துப்புத் தேடி செவஸ்தபோல் என்கிற விண்வெளி நிலையத்துக்குப் போகிறாள், அங்கே 'ஏலியன்' படங்களில் வருகிற அந்த வேற்றுக்கிரக ஜந்து திரிகிறது. அதைக் கொல்லவே முடியாது. மேஜைக்கு அடியில் பதுங்கலாம், லாக்கருக்குள், அதாவது ஆள் நிற்கிற உயர அலமாரிக்குள் நுழையலாம், அது கதவோரம் வந்து நின்றால் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். பக்கத்தில் எது அசைந்தாலும் காட்டுகிற டிராக்கர் ஒன்று இருக்கிறது, ஆனால் ஜந்து பக்கத்தில் வந்துவிட்டால் அதன் பீப் சத்தமே நம்மைக் காட்டிக்கொடுக்கும். கேமை சேவ் பண்ணக்கூட சுவரில் இருக்கிற போனைத் தேடிப் போய், கார்டைச் செருகி, விளக்கு எரிகிற வரை நிற்க வேண்டும். அந்த நாலு விநாடிக்குள் முதுகில் குத்து வாங்கிச் செத்திருக்கிறேன்.

கேமின் புரோகிராமில் அந்த ஜந்துக்கு இரண்டு மூளை. ஒன்றுக்கு நாம் இருக்கிற இடம் எப்போதும் தெரியும், ஆனால் சொல்லாது, 'அந்தப் பக்கம் போய்ப் பாரு' என்று ஜாடை மட்டும் காட்டும். இன்னொன்று கண்ணையும் காதையும் வைத்துத்தான் தேட வேண்டும். கண்ணாமூச்சியில் திண்ணையில் உட்கார்ந்து கண்ணைக் காட்டிவிடுகிற ஆச்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தப் பயம் புதுசு இல்லை. சின்ன வயதில் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில், நடுராத்திரிப் பூசையான சாமக்கொடை முடிந்து, சாமி வந்து ஆடுகிற சாமியாடி தீப்பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குக் கிளம்பும்போது எதிரே யாரும் வரக்கூடாது. ஆச்சி கதவைச் சாத்தி எங்களை உள்ளே அமுக்கி வைத்திருப்பாள். மேளம் நின்றுபோய், சாமியாடி கட்டியிருக்கிற கச்சை மணிச் சத்தம் மட்டும் தெரு முனையிலிருந்து நெருங்கி வரும், கதவு இடுக்கில் தீப்பந்த வெளிச்சம் ஒரு கோடாக நகரும். நான் ஒன்றையும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அடுத்த வருஷமே பயம் போயிருக்கும். லாக்கருக்குள் நின்று அந்த இடுக்கு வழியாகப் பார்த்தபோது அதே வீடுதான், அதே ஆச்சி கைதான்.

குறையும் உண்டு. மொத்தம் 18 மிஷன், கொஞ்சம் இழுவை. பாதி தாண்டியதும் தீ கக்குகிற துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். பந்தம் என் கைக்கு வந்தபிறகு நான்தானே சாமியாடி! போகப்போக ஜந்து தீக்குப் பழகிவிடுகிறது என்பது உண்மைதான், ஆனாலும் ஐந்தாவது மிஷனில் அந்த ஆஸ்பத்திரிப் பகுதியில் நடுங்கிய நடுக்கம் திரும்ப வரவில்லை.

2021இல் இது போனுக்கும் வந்துவிட்டது. என் மச்சினன் பட்டப்பகலில், பாளையங்கோட்டை போகிற பஸ்ஸில், சத்தத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஆடியிருக்கிறான். "இதுக்கா அத்தான் பயந்தீக?" என்று சிரிக்கிறான். என் ஹெட்போனைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.