2.4 கிராமுக்கு 2.4 லிட்டரா?

கிராமிலிருந்து வாயுவின் கன அளவுக்குக் குறுக்குவழி சொல்லும் அந்த வேதியியல் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்று ராத்திரியிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் பேசுபவர், "கிராமை வகு, 24-ஆல் பெருக்கு, முடிந்தது" என்கிறார். ஒரு மோலின் எடையால் வகுக்க வேண்டுமாம். வேதிச் சமன்பாடு எங்கே என்று கேட்டேன். பொறாமையாம்.

சரி, கணக்கைப் பார்ப்போம். மோல் என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகு; 24 கிராம் மக்னீசியம் ஒரு மோல். அவர் எடுத்துக்கொண்டது 2.4 கிராம் மக்னீசியம், அதாவது 0.1 மோல். அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜனும் 0.1 மோல் வரும். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர், ஆக 2.4 லிட்டர். விடை சரிதான். ஒன்றுக்கு ஒன்று என்பதால் தப்பித்தார். 2.7 கிராம் அலுமினியத்தைப் போடட்டும். அதுவும் 0.1 மோல்தான். ஆனால் 2 மோல் அலுமினியத்துக்கு 3 மோல் ஹைட்ரஜன், ஆக 3.6 லிட்டர். அவர் வழியில் அதே 2.4 தான் வரும். மோலுக்குப் போய், சமன்பாட்டைப் பார்த்து, அப்புறம்தான் கன அளவுக்கு வர வேண்டும். நேர் வழி கிடையாது.

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அப்பா இரும்புக் கடையில் வேலை பார்த்தார். ஐந்நூறு போல்ட் கேட்டால் எண்ண மாட்டார். பத்தை நிறுத்து, ஐம்பதால் பெருக்கி, அந்த எடைக்கு அள்ளிப் போடுவார். ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட் என்றால், ஒரு கிலோ போல்ட்டுக்கு இரண்டு கிலோ நட் என்று கொடுத்துவிட மாட்டார். எண்ணிக்கைக்கு மாற்றித்தான் கொடுப்பார். பள்ளியில் படிவம் நான்கில் மோல் பாடம் வந்த அன்றைக்கு எனக்கு அந்தத் தராசுதான் கண்ணில் நின்றது. மோல் என்பதும் எண்ணிக்கைதானே.

தேர்வில் நேரம் போதாது என்கிறீர்கள். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஏ கிடைத்தால் போதாதா டீச்சர்?" என்று கேட்காதீர்கள். அந்தக் காணொளியைப் பார்த்த என் மாணவி, 18 கிராம், அதாவது ஒரு மோல் தண்ணீருக்கு 24 லிட்டர் என்று எழுதிக் கொண்டுவந்தாள். 18 மில்லிலிட்டர் தண்ணீர், உள்ளங்கையில் பிடித்துவிடலாம்! 24 என்பது வாயுவுக்கு. மூலக்கூறுகள் அவ்வளவு விலகி நிற்பதால்தான் எந்த வாயுவானாலும் ஒரு மோலுக்கு ஏறக்குறைய அதே கன அளவு. அதுவும் அறை வெப்பநிலையில். 0 பாகை செல்சியஸில் 22.4. இதையெல்லாம் யார் அவளுக்குச் சொன்னார்கள்?

எனக்கு வலித்தது கணக்குகூட இல்லை. "நம்ம பிள்ளைங்களுக்கு இது போதும்" என்று கடைசியில் சொன்னாரே, அதுதான். எந்தப் பிள்ளைகளுக்கு? ஏன் போதும்? எனக்கும் ஒருவர் இதையேதான் சொன்னார், பதினாறு வயதில். அன்றைக்குப் பேருந்தில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் பிள்ளைகளை என் வீட்டுக்கு அனுப்புங்கள். காசு வேண்டாம். அப்பாவின் தராசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.