'பயப்படாதீர்கள்' என்பது ஒரு தகவல் அன்று

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தைக்கு அவசர அறுவை சிகிச்சை நடந்தபோது, அறுவை அரங்கின் வாசலில் நாங்கள் ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். முதல் இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்தவர்கள் அனைவரும் "ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே கடந்து போனார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அம்மா என் கையை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு பணி மாறி வந்த ஒரு செவிலியர் எங்கள் எதிரில் நின்று, "அண்ணா, ரத்தக்கசிவு இன்னும் நிக்கல. இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டிருக்காங்க. இதுக்கு மேல எனக்கும் தெரியாது. அரை மணி நேரத்துல நானே வந்து சொல்றேன், அம்மாவை உட்கார வைங்க" என்றார். அது நல்ல செய்தி அன்று. ஆனாலும் அதன் பிறகுதான் அம்மா நாற்காலியில் அமர்ந்தார், தண்ணீர் குடித்தார். சொன்னபடி அரை மணி நேரத்தில் அந்தச் செவிலியர் மீண்டும் வந்தார். புதிதாகச் சொல்ல அவரிடம் எதுவுமில்லை. இல்லை என்பதைச் சொல்வதற்காகவே வந்தார். (அப்பா பிழைத்துக்கொண்டார்.)

நெருக்கடி நேரத்தில் பேசும் பொறுப்பில் இருப்பவர்கள் பலருக்கும், உண்மையைச் சொன்னால் மக்கள் பதறிவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கிறது. அந்த அச்சம் தவறானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். மனிதர்கள் கெட்ட செய்தியைத் தாங்கிக்கொள்கிறார்கள். தங்களிடம் எதையோ மறைக்கிறார்கள் என்ற உணர்வைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் லாக்விலா நகரம் பல வாரங்களாகச் சிறுசிறு நில அதிர்வுகளுக்கு உள்ளாகியிருந்தது. மார்ச் 31 அன்று நிபுணர் குழு அங்கே கூடியது. அதையொட்டித் தொலைக்காட்சியில் பேசிய பேரிடர்த் துறையின் உயர் அதிகாரி, சிறிய அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறிக்கொண்டே இருப்பதால் நிலைமை சாதகமாகவே இருக்கிறது என்ற பொருளில் ஆறுதல் கூறினார். அதிர்வு வந்தால் வீட்டை விட்டு வெளியேறித் திறந்த வெளியில் இரவைக் கழிப்பது அவ்வூர் மக்களின் பழைய வழக்கம். ஏப்ரல் 6 அதிகாலை 3:32 மணிக்குப் பெரும் நிலநடுக்கம் வந்தபோது 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த ஆறுதலை நம்பித்தான் அன்றிரவு வீட்டுக்குள்ளேயே இருந்தோம் என்று குடும்பத்தாரை இழந்தவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 2012இல் ஆறு அறிவியலாளர்களுக்கும் அந்த அதிகாரிக்கும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் விடுவிக்கப்பட்டனர், அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டது. நிலநடுக்கம் எப்போது வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்காக எவரையும் குற்றம் சொல்வது நியாயமன்று. ஆனால் "எங்களால் கணிக்க முடியாது, உங்கள் பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள்" என்று சொல்லியிருக்க முடியும் அல்லவா? அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆபத்தில் இருப்பவரே அதை ஆபத்து என்று சொல்லத் தயங்குவது அது. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற அவியாங்கா 52 விமானம், மோசமான வானிலை காரணமாக ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. தரையிறங்கும் முதல் முயற்சியும் தோற்ற பின், நாம் அவசர நிலையில் இருக்கிறோம் என்று சொல்லும்படி விமானி துணை விமானியிடம் கூறினார். துணை விமானியோ கட்டுப்பாட்டு அறையிடம் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டுமே சொன்னார். 'அவசர நிலை' என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. எரிபொருள் குறைவு என்பது கட்டுப்பாட்டு அறைக்கு அன்றாடம் கேட்கும் பேச்சு. 'அவசர நிலை' என்ற சொல்லோ மற்ற எல்லா விமானங்களையும் விலக்கி வழி திறக்க வைக்கும். விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற பணிவு நம் எல்லோரிடமும் இருப்பதால்தான் இந்த நிகழ்வை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். "கொஞ்சம் மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது, நேரம் இருந்தால் வாருங்கள்" என்று சொல்லும் முதியவர்கள் எத்தனை பேர்!

தவறாகச் சொல்லிவிட்டால் திருத்துவதற்கும் முன்கூட்டியே ஆயத்தம் தேவை. 2018 ஜனவரி 13 காலை ஹவாய் மக்களின் கைப்பேசிகளுக்கு, ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அன்று என்ற எச்சரிக்கை தவறுதலாகப் போனது. அதே கைப்பேசிகளுக்குத் திருத்தம் வந்து சேர 38 நிமிடங்கள் ஆயின. எச்சரிக்கைக்கான வாசகம் ஆயத்தமாக இருந்தது. அது பொய்யானால் என்ன சொல்வது என்பதற்கான வாசகம் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. பிள்ளைகளைக் கட்டியணைத்துக்கொண்டு பெற்றோர் குளியலறைகளில் ஒடுங்கிக் கிடந்த 38 நிமிடங்கள் அவை.

நான் பொறுப்பாளராக இருக்கும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இப்போது சில பழக்கங்களைக் கறாராகக் கடைப்பிடிக்கிறேன். நெருக்கடி நேரத்தில் நான் இடும் ஒவ்வொரு செய்தியின் முதல் வரியிலும் தேதியையும் நேரத்தையும் எழுதுகிறேன், ஏனெனில் பகிரப்படும் செய்தி மூன்று நாள் கழித்தும் புதிது போலவே உலவுகிறது. தெரிந்ததை முதலிலும், தெரியாததை அடுத்தும், படிப்பவர் உடனே செய்யக்கூடிய ஒரு வேலையை அதன் பின்னும் எழுதி, மீண்டும் எத்தனை மணிக்குத் தகவல் தருவேன் என்று முடிக்கிறேன். அந்த மணிக்குச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் எழுதிவிடுகிறேன். தவறான செய்தியை ஓசையின்றி அழித்துவிடுவதில்லை. "மாலை 4:10க்கு நான் எழுதியது தவறு, சரியானது இதுதான்" என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். இப்படிச் செய்தால் மதிப்புப் போய்விடும் என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். அடுத்த முறை மழைநீர் புகுந்த இரவில், யார் யாரோ அனுப்பிய செய்திகளுக்குக் கீழே "இது உண்மையா, சார்?" என்று என்னிடம்தான் கேட்டார்கள்.