ஆர்வம் இல்லையா, காலையில் சாப்பாடு இல்லையா?

"பையனுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை." பெற்றோர் கூட்டங்களில் அதிகம் காதில் விழுவது இதுதான். ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. பொதுத்தேர்வு நெருங்கியதும் ஒரு பேச்சாளரை அழைத்து, 'உன்னால் முடியும்' என்று மைக்கில் பேசவைக்கிறோம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மறுநாளும் அதே பிள்ளை அதே கடைசி பெஞ்சில்தான்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் மீன்பிடித் துறைமுகத்தை நம்பியிருக்கும் வீடுகள். விடியுமுன்பே அம்மா ஏலத்துக்குப் போயாக வேண்டும். அந்த வீடுகளில் காலையில் அடுப்பு எரியாது; டீயும் பன்னும் கிடைத்தால் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் கடன் பேச்சு ஓடும். அது முடிவதற்குள் புது நோட்டு, பை வாங்கும் செலவும் வந்துவிடும். இந்தப் பிள்ளைக்கு இயற்கணிதத்தில் கவனம் நிற்கவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பசி, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, அதற்கும் மேலே தன் திறமை முழுதும் வெளிப்படுவது என்று மனிதத் தேவைகளை உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் வரிசைப்படுத்தினார். அந்த வரிசை எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது என்றும் அவரே சொன்னார். உண்மைதான், பசியிலும் படித்து முன்னேறியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்களைக் காட்டி மற்ற பிள்ளைகளைக் குறை சொல்வது அநியாயம்.

காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று தமிழ்நாடு இதைப் புரிந்துகொண்ட மாநிலம். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் காலை உணவு 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கான திட்டமாகத்தான் தொடங்கியது. பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டால் அம்மாவின் ஏல நேரம் மாறிவிடுமா?

சரி, வயிறு நிறைந்தால் போதுமா என்றால், போதாது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனத்தின் தேவைகளாக மூன்றைச் சொன்னார்கள்: நானே விரும்பிச் செய்கிறேன், என்னால் முடிகிறது, இவர்கள் என் மனிதர்கள் என்ற உணர்வுகள். 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைத்துத் தனியாக உட்காரவைத்து, மார்க்கை வகுப்பில் உரக்கப் படிக்கும்போது இந்த மூன்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடுகிறோம். கூடுதல் பயிற்சி தேவைதான், அதை நான் எதிர்க்கவில்லை. அந்தப் பெயரும் அந்தத் தனி பெஞ்சும்தான் வேண்டாம் என்கிறேன். ஒருநாள் பத்துக் கணக்கு எழுதிப்போட்டு, "எந்த ஐந்து என்று நீங்களே எடுத்துக்கோங்க" என்றேன். நோட்டையே திறக்காத ஒரு பெண் ஏழு போட்டுவிட்டு, சரியா என்று கேட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளிடம் ஆர்வம் இல்லை என்று இனி யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயம் கேளுங்கள். மாலைச் சிறப்பு வகுப்புக்கு முன்னால் ஒரு கிண்ணம் சுண்டலுக்கு ஊரில் யாரிடம் உதவி கேட்கலாம்? மார்க்கை எல்லார் முன்பும் படிக்காமல் பிள்ளையிடம் தனியாகச் சொல்ல முடியுமா?