கல்லீரல் நோய் இருந்தால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

"லிவர் பிரச்சினை இருக்கா, அப்போ வலி மாத்திரையே தொடாதே" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதைவிடக் கோபம் வருவது, "பாராசிட்டமால் லிவருக்கு ஆகாது, இதைப் போட்டுக்கோ" என்று இபுபுரோஃபெனையோ டைக்ளோஃபெனாக்கையோ எடுத்து நீட்டுபவர்கள் மேல்தான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) உள்ள ஒருவருக்கு அந்த இரண்டாவது யோசனை உயிருக்கே உலை வைத்துவிடும். என் அண்ணனுக்குச் சிரோசிஸ். அவருடைய மருந்துகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் உள்ள ஒரு வீட்டுக்காவது பயன்பட வேண்டும்.

முதலில் பாராசிட்டமால். பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், கல்லீரல் நோயாளிக்குச் சாதாரண வலி என்றால் டாக்டர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். இதற்குக் கெட்ட பெயர் வந்தது அளவு மீறுவதால். நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் ஆபத்தில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியாக அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப்பொருளாக மாறும், அதையும் குளூட்டதயோன் என்கிற பொருள் உடனுக்குடன் அடக்கிவிடும். அளவு கூடினால் குளூட்டதயோன் தீர்ந்துபோகிறது, அப்புறம் அந்த நச்சு கல்லீரல் செல்களையே கொல்ல ஆரம்பிக்கிறது. தினமும் குடிப்பவர்களுக்கு நச்சாக மாறும் பங்கு கூடும், சரியாகச் சாப்பிடாமல் உடம்பு இளைத்தவர்களுக்குக் குளூட்டதயோன் இருப்பே குறைவு. ஆகவே இந்த இரண்டு பேரும் மற்றவர்களைவிட அதிக கவனமாக இருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு? ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு. சிரோசிஸ் இருந்தால் பொதுவாக 2 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வார்கள். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 24 மணி நேரத்தில் நான்கு, 650 என்றால் மூன்று, அதுவும் இடைவெளி விட்டு. உடல் எடை, சாப்பாடு, குடிப்பழக்கம், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து உங்கள் டாக்டர் இதையும் குறைக்கலாம். அவர் சொல்லும் அளவுதான் உங்கள் அளவு, இந்தப் பதிவில் இருப்பது இல்லை.

இதில் பலரும் கவனிக்காத ஓர் ஆபத்து இருக்கிறது. பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் மாத்திரைகள் ஏராளம். சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, உடம்பு வலிக்கான கூட்டு மாத்திரை, ட்ரமடால் என்ற கடும் வலி மருந்து சேர்ந்த மாத்திரை என்று பலவற்றில் அது இருக்கும். தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, முதுகு வலிக்கு ஒன்று என்று வேறு வேறு பெயரில் மூன்று மாத்திரை போட்டவர் உண்மையில் ஒரே மருந்தை மூன்று முறை போட்டிருப்பார். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். முடியவில்லை என்றால் மருந்துக்கடைக்காரரைப் படிக்கச் சொல்லுங்கள். கல்லீரல் நோய் இருப்பதை அவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இப்போது இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் வகையறா. "இது லிவரை ஒன்றும் செய்யாது, கிட்னியைத்தானே" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். கிட்னியைத்தானே என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிரோசிஸ் முற்றியவர்களுக்கு உடம்பின் ரத்த ஓட்டமே மாறிப்போயிருக்கும், கிட்னிக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைவு. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் கிட்னியின் ரத்தக்குழாய்களை விரித்துப் பிடித்து நிலைமையைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. இந்த மாத்திரைகள் வலியைக் குறைப்பதே அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான். விளைவு, கிட்னி திடீரென்று செயலிழக்கலாம். வயிற்றில் நீர் கோர்த்தவர்களுக்கு நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். இன்னொரு பக்கம், இவை இரைப்பையைப் புண்ணாக்கும், ரத்தம் உறைவதையும் கெடுக்கும். உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் வீங்கி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்து இருக்கும் ஒருவருக்கு ரத்த வாந்தி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சிரோசிஸ் இருந்தால் வேண்டவே வேண்டாம், ஊசியாகவும் வேண்டாம். பல் டாக்டரிடமோ எலும்பு டாக்டரிடமோ போனால் அவர்கள் கேட்பதற்கு முன்பே நாம் சொல்லிவிட வேண்டும்.

மூட்டு, கழுத்து, முதுகு என்று ஓரிடத்து வலி என்றால் மேலே தடவும் ஜெல், மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் பட்டை, வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி எல்லாம் இருக்கின்றன. மாத்திரையைவிட மிகக் குறைவாகத்தான் ஜெல் ரத்தத்தில் கலக்கும், ஆனாலும் டைக்ளோஃபெனாக் ஜெல் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டே தடவுங்கள். மூலிகை என்ற பெயரில் வரும் வலி மருந்துகளை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை நோயுற்ற கல்லீரலிடம் கொடுத்துப் பரிசோதிக்க முடியாது.

கடுமையான வலிக்கு ட்ரமடால், மார்ஃபின் போன்றவை தேவைப்படலாம். நோயுற்ற கல்லீரலால் இவற்றைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாது என்பதால் குறைந்த அளவில், அதிக இடைவெளியில் கொடுப்பார்கள். இவை மலச்சிக்கல் உண்டாக்கும். சிரோசிஸ்காரருக்கு மலச்சிக்கல் வந்தால் நச்சு மூளைக்கு ஏறிக் குழப்பம், உளறல், பகலெல்லாம் தூக்கம் என்று போய்விடலாம். அதனால்தான் கூடவே மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் தருகிறார்கள், அதை நிறுத்தக்கூடாது. தூக்க மாத்திரையையும் இந்தக் கடும் வலி மருந்துகளையும் சேர்த்துப் போடுவது இன்னும் ஆபத்து. நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டினும் ப்ரீகாபாலினும் கிட்னி வழியாக வெளியேறுபவை. கல்லீரலுக்குச் சுமை இல்லை, ஆனால் மயக்கம் தரும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். நரம்பு வலிக்கே தரும் இன்னொரு மருந்தான டியுலோக்செடின் கல்லீரல் நோயாளிக்கு ஏற்றதல்ல.

இவ்வளவும் வலியைக் குறைப்பதற்கு. சில வலியை மாத்திரை போட்டு அடக்கவே கூடாது. வயிற்றில் நீர் கோர்த்த ஒருவருக்குப் புதிதாக வயிற்று வலி வந்தாலோ, கூடவே காய்ச்சல், குளிர் நடுக்கம், குழப்பம் இருந்தாலோ அந்த நீரில் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கலாம். காலைவரை பார்ப்போம் என்று உட்காராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ரத்த வாந்தி, கறுத்த மலம் இரண்டுக்கும் இதேதான்.

வலியை வெளியே சொல்லாமல் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது, இரவில் தூங்க முடிகிறதா, இதுவரை என்னென்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். வலி நிவாரணத்துக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற பாலியேட்டிவ் டாக்டர்கள் இருக்கிறார்கள். கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்கள் மட்டும்தான் அவர்களைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.